சங்காத்தா போட்டோவுக்கு மாலை

சாவல மா. நல்லா பாத்துக்கோ, உசுரோட தான் இந்த பஸ்ல உம் பக்கத்துல குந்திகினு கீறேன். வேணுன்னா கிள்ளிப் பாரு. அய்ய, அதுக்குன்னு மெய்யாலுமே கிள்றியே!

ஆமா, அதே சங்காத்தா தான். டிவில வர்ற பேய் நாடகத்துல அந்த ஈரோயினி பொண்ணுக்கு ஆவி ஓட்டக் கத்துக் குடுப்பாளே, சங்கு ஊதிகினு, வேப்பிலை அடிச்சிகினு, அது நான் தான். நெச பேரு அங்கம்மா. காசிமேட்டுல மீனு வித்துகினு இருந்தவ. ஏலத்துல நான் போட்ட சத்தத்தக் கேட்டுட்டு அந்த டைரக்டரு, இந்தக் கொரலு தான் வேணும்னு கையோட இட்டுகினு போனாரு. மூணு வருசம் மா. பேய்க்கே நம்ம பாஷைல தான் பாடம் எடுத்தேன். டேய் கஸ்மாலம், எறங்குடா கீழன்னு ஒரு சவுண்டு உட்டேன்னு வையி, பேயி வேஷம் கட்டுனவனே ஒண்ணுக்குப் போயிருவான்.

எங்க போறனா? எண்ணூருக்கு. நீ? திருவொத்தியூரா. அப்ப டயம் கீது, கேளு.

எனக்கு எழுதப் படிக்க வராது. செட்டுல பின்னாலேந்து சொல்லிக் குடுப்பாங்க, எனக்கு அது ஒத்து வராது மா, பேஜாராப் பூடும். அதனால டயலாக் பேப்பர முந்தின நாளே வூட்டுக்கு அனுப்பிருவாங்க. என் பொண்ணு தான் படிச்சிக் காட்டுவா. நான் மீனு ஆஞ்சிகினே கேப்பேன். அவ ஒரு வாட்டி, நான் ஒரு வாட்டி. தப்பு உட்டேன்னா, எம்மா ஒயுங்கா சொல்லுன்னு மண்டைல ஒரு தட்டு தட்டுவா. சோக்கா படிப்பா.

போன மாசம் ஒரு பேப்பர் வந்துச்சி. சங்க அந்த ஈரோயினி கைல குடுத்துட்டு, நான் போறேன், எனக்கு அப்பால என் ரத்தம் வரும், அது உனக்குத் தொணை நிக்கும்னு சொல்லணும். எங்கடி போறா சங்காத்தான்னு கேட்டேன். காசிக்குப் போறா மா, பத்து நாள்ல வந்துருவான்னா. நானும் நம்பிகினு, சிரிச்சிகினே பேசிட்டு வந்தேன். லைட்டு புடிக்கிற ஜெரி கண்ணத் தொடைக்கிறான். காசிக்குப் போறதுக்கு இன்னாத்துக்குடா இந்த அழுவ அழுவறேன்னு அவன நக்கல் வேற பண்ணேன். இன்னா சொல்றது என் அறிவ.

அப்பால யாரும் கூப்புடல. ஒரு நாளு டிவி போட்டா, என் போட்டோக்கு மாலை! சந்தனப் பொட்டு வேற, முன்னால வெளக்கு. என் வூட்டுக்காரரு கடலுக்குப் போயி நாலு நாளு ஆச்சி. அந்தாளு கரை சேர்ற வரிக்கும் நெத்திப் பொட்டு கலைய உட மாட்டேன் நானு. கயுத்துல தாலியோட குந்திகினு என் சாவ நானே பாக்கறேன்.

அந்தப் போட்டோ மகளிர் குழுக்கு எடுத்தது. ஒண்ணே ஒண்ணு தான் கீது. பீரோல, என் கூறப்பொடவைக்கு அடில. அது எப்டி கம்பெனிக்காரன் கைக்குப் போச்சி? போயி பீரோவத் தொறந்து பாத்தேன். பொடவ மடிப்பு கூட கலையல.

இன்னா சொன்ன? சங்காத்தா ரத்தம்னு சொல்லிகினு புதுசா ஒருத்தி வந்து கீறாளே, அவளா? நல்லா தான் நடிக்கிறா. கொரலு அப்டியே என்னுதா? ம். எனக்கும் காது கேக்குது மா.

இன்னிக்கி என்னிய ஆவியா வரச் சொல்லிக் கீறாங்க. ஒரு நாளு வேலை, டயலாக் கெடையாது. எண்ணூரு கடலாண்ட நின்னுகினு, அந்தப் புதுப் பொண்ணு தலைல கை வெச்சி ஆசீர்வாதம் பண்ணணும். வெப்பனான்னு கேக்கறியா? தெர்ல. காசிமேட்டுல பஸ் ஏறுனதுலேந்து இந்தக் கையத் தான் பாத்துகினு வரேன். டைரக்டரு மேல கோவமே இல்ல மா, அவன் யாரோ.

இந்தா, உன் ஸ்டாப்பிங் வந்துருச்சி பாரு. பைய எடுத்துக்கோ, பாத்து எறங்கு.

அந்தப் பொண்ணு பேரா? டிவில இன்னான்னு போட்றாங்களோ, எனக்குத் தான் படிக்க வராதே. நானும் அவ அப்பனும் வெச்ச பேரு மோகனப்ரியா. பேப்பர் படிச்சிக் காட்டுவான்னு சொன்னேனே, அவ தான்.