ஏங்க, தூக்குங்க!

அடுப்பின் அனலைப் போலவே அன்பையும் அணையாமல் காத்துவரும் எங்கள் அடுமனையின் முதலாளியும், இந்தக் குடும்ப விழாவின் தலைவருமாகிய பெரியவர் அவர்களே! "அஞ்சு நிமிஷந்தாம்மா, அதுக்கு மேல போனா மைக்கைப் புடுங்கிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே மிரட்டி என்னை மேடையேற்றிய சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே! மாவைப் பிசைந்து மாவோடு மாவாய் வெளுத்து, ஊர் உறங்கும்போது உழைத்து, ஊர் உழைக்கும்போது உறங்கும் உத்தமத் தோழர்களே! அந்த உத்தமர்களின் உறக்கம் கலையக் கூடாதே என்று பகலெல்லாம் மிக்சியைக்கூட ஓட்டாமல் மூச்சடக்கி வாழும் என் அருமைத் தாய்மார்களே! முதல் வரிசையில் நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருக்கும் என் மகன் உள்ளிட்ட வருங்காலச் செல்வங்களே! டேய், விழுந்துடுவடா, ஒழுங்கா உக்காரு! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் என் பணிவான வணக்கம்!

கைதட்டாதீர்கள், எனக்குக் கொழுப்பேறிவிடும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவள் நான். மொத்தமே நாலு பேர்தான் பேசினோம் என்பது தனிக்கதை.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "சின்னப் பிள்ளைகளோடு ஒரு வெளிநாட்டுச் சுற்றுலா". எங்களுக்கு ஏது வெளிநாடு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்! மாவு மூட்டைக்குள்ளே மாவுதான் இருக்கும் என்று நினைத்தோம். மகிழ்ச்சியும் இருந்தது! மாவு கம்பெனிக்காரர்கள் மூட்டைக்குள் போட்ட பரிசுக் கூப்பன் என் வீட்டுக்காரர் கையில் சிக்கியது. அவர் நம் அடுமனையின் அடுப்பு மாஸ்டர். குடும்பத்தோடு கடற்கரை விடுதியில் தங்க இலவசப் பயணம்! எந்த நாட்டுக்கு? பனி பொழியும் நாட்டுக்கா? குளிர்ந்த மலை நாட்டுக்கா? இல்லை ஐயா, இல்லை! நம் ஊர் வெயிலே வந்து கும்பிடு போடும்படியான ஒரு வெயில் நாட்டுக்கு! ஆயுசெல்லாம் அடுப்பில் வேகிற மனுஷனுக்கு ஆண்டவன் அனுப்பிய பரிசைப் பார்த்தீர்களா?

மாடி வீட்டு அக்கா ஓடி வந்தார். "உனக்கென்ன பைத்தியமாடி? ஒண்ணு நாலு வயசு, ஒண்ணு ரெண்டு வயசு. இதுங்கள இழுத்துக்கிட்டு வெளிநாடா? வளர்ந்தப்புறம் கூட்டிட்டுப் போனா ஞாபகமாவது இருக்கும்!"

அக்கா இங்கேதான் இருக்கிறார். அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார். அக்கா, அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு மேடையேறிச் சொல்கிறேன். பிள்ளைகளின் ஞாபகத்தில் கடல் இருக்க வேண்டும் என்றா போனோம்? என் மகளின் ஞாபகத்தில் அவளுடைய அப்பாவே இல்லை என்றுதான் போனோம்!

விளக்கமாகச் சொல்கிறேன். மகன் பிறந்தபோது இவருக்குப் பகல் வேலை. இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்த்தார். மகள் பிறந்ததும் இரவு அடுப்புக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். அவள் விழிக்கும்போது இவர் வேலையில் இருப்பார். வீட்டுக்கு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். அவள் தூங்கப் போகும்போது இவர் செருப்பை மாட்டுவார். அவளைப் பொறுத்தவரை எங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு ஆள் தூங்குகிறார், அவ்வளவுதான். அந்த ஆளுக்குப் பெயர் என்ன? நான் என்ன சொல்லிக் கூப்பிடுகிறேனோ, அதுதான் பெயர். நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஏங்க!

பார்த்தீர்களா, பார்த்தீர்களா! எத்தனை தலைகள் நிமிர்கின்றன! உங்களை இல்லை ஐயா, உட்காருங்கள்!

ஆமாம், என் மகளுக்கு அவர் "ஏங்க". "அம்மா, ஏங்க தூங்குது." "அம்மா, ஏங்க குளிக்குது." நாங்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் இவர் ஆசையாகத் தூக்கப் போனால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். வீல் என்று அலறி என் காலைக் கட்டிக்கொள்வாள். இவர் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அடுத்த அறைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு வேலையும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

விமான நிலையத்திலேயே ஆரம்பித்தது வினை. வரிசையில் அவசரத்துக்கு இவர் அவளைத் தூக்க, அவள் ஊரைக் கூட்ட, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முகத்தைப் பார்க்கிறார், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார், மறுபடி முகத்தைப் பார்க்கிறார்.

"பாப்பா, இங்க பாரு. இவரு யாரு?"

"ஏங்க!"

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வயிறு குலுங்கச் சிரித்தார். "போங்க சார், போங்க. எங்க வீட்லயும் எனக்கு அதே பேருதான்!"

போய் இறங்கினோம். விமானத்தின் கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது அனல். நான் "ஐயையோ" என்றேன். மகன் "அம்மா, சுடுது" என்றான். இவரோ மூச்சை நன்றாக இழுத்து விட்டு, "நம்ம அடுப்பு ரூம் மாதிரியே இருக்குல்ல?" என்றார். கழுதையை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அதற்குப் பொதியின் ஞாபகம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!

விடுதி அறையைச் சொல்லவா? வெள்ளை வெளேரென்ற மெத்தை. மெத்தையின் மேல், துண்டுகளையே மடித்து மடித்துச் செய்த நாலு அன்னப் பறவைகள்! பிள்ளைகள் அவற்றைப் பார்த்தார்கள், பாசம் வைத்தார்கள், முடிந்தது எங்கள் கதை. "அன்னத்தப் பிரிக்கக் கூடாது!" குளித்தால் துவட்டத் துண்டில்லை. துண்டு இருக்கிறது, ஆனால் அது பறவையாக இருக்கிறது! ஆளுக்கொரு பழைய சட்டையால் தலை துவட்டினோம்.

சாப்பாட்டுக் கூடத்தில் உலகத்துப் பண்டமெல்லாம் ஊர்வலமாக அடுக்கியிருந்தார்கள். எது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் மகன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டான், "அம்மா, பன் இல்லையா?" கடல் கடந்து போயும் பன்! அதற்குள் அவன் அப்பா ரொட்டி மேசைக்குப் போய், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "மாவு பொங்கறதுக்குள்ள அடுப்புல வச்சிட்டான் பாவி" என்று முணுமுணுக்கிறார். பரிமாறுகிறவர் பயந்து போய் மேலாளரைக் கூட்டி வந்துவிட்டார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. ஆனால் என் கண் ஒரு இடத்திலேயே இருந்தது. மகள் இவரிடம் வருகிறாளா? வரவில்லை. முதல் நாள், பகல் தூக்கம் பழகிய உடம்பு, விடுதியின் நீச்சல் குளக்கரைச் சாய்வு நாற்காலியிலேயே இவர் கண்ணயர்ந்துவிட்டார். வேற்று நாட்டு அம்மா ஒருவர் பக்கத்தில் உரக்கச் சிரித்தார். என் மகள் ஓடிப்போய், உதட்டில் விரலை வைத்து, "ஷ்... ஏங்க தூங்குது" என்றாள்! அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தூங்குகிற அப்பாவை அவளுக்குத் தெரியும். விழித்திருக்கிற அப்பாவைத்தான் தெரியாது.

அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். பந்து உருட்டினார். தவளை போலத் தாவினார். அவர் தாவத் தாவ, அவள் நகர்ந்து நகர்ந்து என் பின்னால் ஒளிந்தாள். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார், "விடு. அவளுக்கு நான் வேத்தாளு." எந்த வெயிலையும் தாங்குகிற மனுஷன், அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல் நின்றார்.

மறுநாள்தான், அவையோரே, அந்த அற்புதம்!

காலையில் மணல் குளுகுளுவென்று இருந்தது. மகள் தன் அன்னத்தைக் கட்டிக்கொண்டு அலையோரம் வந்தாள். மகன் எங்கள் எல்லோருடைய செருப்பையும் சேகரித்துக் "கப்பல்" விட்டான். கப்பல்கள் போயின. போயே போயின! வெயில் ஏறியது. மகனின் கண்ணில் மணல் விழுந்ததென்று நான் அவனைக் குடைக்கு அடியில் இழுத்துக்கொண்டு வந்து கண்ணைக் கழுவினேன். இவர் அவளுக்குச் சற்றுத் தள்ளி, ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனால்தான் அழுவாளே!

திடீரென்று "அம்மா" என்று அலறல். நிமிர்ந்து பார்த்தால், மகள் காய்ந்த மணலின் நடுவே நிற்கிறாள். என்னிடம் வரக் கிளம்பியவள், பாதி வழியில் கால் சுட்டு, கையிலிருந்த அன்னத்தைக் கீழே போட்டு அதன் மேல் ஏறி நின்றுவிட்டாள். பிரிக்கக் கூடாத அன்னம் பிரிந்து, ஒரு துண்டு அகலத் தீவாகக் கிடக்கிறது. சுற்றிலும் கொதிக்கும் மணல். நான் பாய்ந்தேன். நாலு அடிகூட வைக்க முடியவில்லை. "ஐயோ, அம்மா" என்று துள்ளித் துள்ளி நிழலுக்கே திரும்பினேன். சிரிக்காதீர்கள், உங்கள் காலென்றால் தெரியும்!

அப்போது எழுந்தார் அவர். வெறுங்கால். ஓடவில்லை. துள்ளவில்லை. பூங்காவில் நடப்பது போல, நிதானமாக, சிரித்த முகத்தோடு நடந்தார். அவள் முன்னால் போய்க் குந்தினார். கையை நீட்டவில்லை. தொடவில்லை. சும்மா இருந்தார்.

அவள் ஒரு காலை மணலில் வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. அவரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு, நான் எந்த மரியாதையோடு அவரைக் கூப்பிடுவேனோ அதே மரியாதையோடு, இரண்டு கையையும் தூக்கிச் சொன்னாள்:

"ஏங்க, தூக்குங்க!"

தூக்கினார்! தோளில் வைத்தார்! இவர் கண்ணில் நீர் வழிய, இவள் காதைப் பிடித்து ஆட்ட, வந்து சேர்ந்தார்கள் நிழலுக்கு. நான் கேட்டேன், "உங்களுக்குச் சுடவே இல்லையாங்க?"

"சுடாமயா? உள்ளங்கால் வெந்துடுச்சு. ஓடிப்போனா புள்ள பயந்துடும்ல, அதான் மெதுவா போனேன்."

பாதத்தைப் பார்த்தேன். கொப்புளம்! அந்தக் கொப்புளக் காலோடு, விடுமுறை முடியும் வரை அவளைத் தோளைவிட்டு இறக்கவில்லை அவர். இறக்கவும் விடவில்லை அவள். குளத்தில் அவர் தோள், கூடத்தில் அவர் மடி. மகன் கீழே நின்று "அப்பா, எனக்கு எப்ப?" என்று கத்திக்கொண்டே வந்தான். அந்த வெயில் நாட்டில் என் குடும்பம் குளிர்ந்தது, தாய்மார்களே!

இதோடு முடித்தால் இது கதை. ஆனால் நான் பேச வந்தது கதையல்ல. ஊர் திரும்பினோம். மறுபடியும் இரவு அடுப்பு. மறுபடியும் மூடிய கதவு. இன்று காலை இந்த விழாவுக்குக் கிளம்பும்போது அவர் கை நீட்டினார். அவள் என் பின்னால் ஒளிந்தாள். அதனால்தான் அவள் முன்வரிசையில் அத்தை மடியில் தூங்குகிறாள், அவர் கடைசியில் டீ டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

தலைவர் அவர்களே! தங்களிடம் சங்கம் சுழற்சி முறை கேட்டது. மாதத்தில் ஒரு வாரமாவது ஒவ்வொரு அடுப்புக்காரருக்கும் பகல் வேலை கேட்டது. தாங்கள் சொன்னீர்கள், "பழகுன கை மாறினா அடுப்பு ஆறிப்போயிடும். ஆறுன அடுப்பைத் திரும்பச் சூடேத்த ஒரு நாள் ஆகும்." உண்மைதான் ஐயா. ஆறிய அடுப்பைச் சூடேற்ற ஒரு நாள் போதும். ஆறிப்போன பிள்ளை மனசைச் சூடேற்ற எத்தனை நாள் ஆகும்? ஒவ்வொரு முறையும் கடல் தாண்டிப் போக வேண்டுமா? ஒவ்வொரு முறையும் கால் வேக வேண்டுமா? இந்த அரங்கில் வீட்டுக்கு வீடு ஒரு "ஏங்க" இருக்கிறார். "அப்பா" இருக்கிறாரா? சொல்லுங்கள், இருக்கிறாரா?

கைதட்டலை நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! குழந்தை எழுந்துவிட்டது பாருங்கள். ஐயோ, என் மகள்தான். அம்மா இதோ வந்துட்டேன் கண்ணு... என்ன இது, மேடைப் பக்கம் வராமல் எங்கே போகிறாள்? அண்ணா, வழி விடுங்கள். நாற்காலியை நகர்த்துங்கள். அக்கா, பிடிக்காதீர்கள், போகட்டும், போகட்டும்...

டீ டிரம் பக்கம் போய்விட்டாள். கையைத் தூக்குகிறாள். எனக்கு இங்கே கேட்கவில்லை, கடைசி வரிசை அண்ணா, என்ன சொல்கிறாள்?

"ஏங்க, தூக்குங்க"வா!

தூக்குங்க! ஏங்க, என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, டீயைக் கீழ வச்சிட்டுத் தூக்குங்க!

தலைவர் அவர்களே, பார்த்தீர்களா? பிள்ளை மறக்கவில்லை ஐயா. அந்தப் பெயரை "அப்பா" என்று மாற்ற எங்களுக்குக் கொஞ்சம் பகல் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

தலைவர் கையசைத்துக் கூப்பிடுகிறார், ஒரு நிமிடம்... என் காதில் சொன்னதை அப்படியே சொல்லட்டுமா ஐயா? "வர்ற மாசத்துல இருந்து சுழற்சி போட்டுடலாம்மா. உன் வீட்டுக்காரர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். முதல்ல அந்த மைக்கை வையி."

வைக்கிறேன் ஐயா, வைக்கிறேன்! கேட்ட காதுகளுக்கும், தட்டிய கைகளுக்கும், தந்த மனசுக்கும் என் நன்றி. எழுந்து போகுமுன் அவரவர் பிள்ளையை அவரவர் அப்பாக்களே தூக்கிக்கொண்டு போங்கள். வணக்கம்!