மைக்ரோஸ்கோப்பை உடைத்தவன்

ரயில் வரும்போது ரோட்டுக்குக் குறுக்கே இறக்குகிற மூங்கில், மழையில் ஊறினால் கனம் கூடிவிடும், இன்ஸ்பெக்டர் மாத்தயா. வெயில் நாளில் ஒரு கையால் கயிற்றை இழுத்து இறக்கிவிடலாம். மாரிக் காலத்தில் இரண்டு கையும் வேண்டும், உடம்பையும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். ஆறு வருஷமாக அந்த ரயில் கடவையில் நிற்கிறேன். போன வியாழக்கிழமை வரைக்கும் ஒரு நாய்கூட அங்கே அடிபட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலை தெரியாதவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

லலந்தவை எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். ஒரே ஊர், ஒரே வகுப்பு. கொழும்பில் வேலை செய்கிறவர்கள் காலை ரயிலில் தொற்றிக்கொண்டு போன பிறகு எங்கள் ஊரில் பிள்ளைகளும் கடல் காற்றும்தான் மிச்சம். தண்டவாளத்தின் மேலேயே நடந்து பள்ளிக்கூடம் போவோம். யார் அதிக தூரம் தவறாமல் நடக்கிறார்கள் என்று லலந்த பந்தயம் வைப்பான். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அவன் அப்பாவுக்கு ஸ்டேஷன் எதிரே பேக்கரி. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். என் அப்பா பஸ் கண்டக்டர்.

பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருஷம், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வந்தது. ஒன்றே ஒன்று. அதில் வெங்காயத் தோலைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அறை அறையாக, செங்கல் அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. அலமாரிச் சாவியை டீச்சர் என்னிடம்தான் கொடுத்து வைப்பார்.

ஒருநாள் இடைவேளையில் லலந்த ஒரு பல்லிவாலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தான்.

"ஒரே ஒரு தடவ பார்த்துட்டு வெச்சிடறேன்டா."

வேண்டாம் என்றேன். அவன் அதற்குள் தூக்கிவிட்டான். மேசை விளிம்பில் இடித்து, கை நழுவிக் கீழே விழுந்தது. கண்ணாடி சிதறியதை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பார்த்தோம்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பிரின்ஸிபல் கேட்டபோது லலந்த கையைத் தூக்கினான். "பியதிஸ்ஸதான் சார். நான் கண்ணால பார்த்தேன்." குரல் நடுங்கவே இல்லை. நான் இல்லை என்றேன். பொய் வேறு சொல்கிறாயா என்று அடி விழுந்தது. மத்தியானம் அப்பா வந்தார். காக்கிச் சட்டையோடு, தோளில் டிக்கெட் பையோடு, பிரின்ஸிபல் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் காதோரம் குனிந்து, "ஒத்துக்கடா மகனே. ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க" என்றார். ஒத்துக்கொண்டேன். அன்றைக்கே பள்ளிக்கூடத்திலிருந்து என் பெயரை வெட்டினார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

ஆக, இன்று நான் கொடுப்பது என் இரண்டாவது ஒப்புதல். முதலாவது பொய்.

பிறகு ஆற்றில் மணல் அள்ளினேன். பட்டாளத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். அங்கேதான் இடது காது மந்தமானது. கடைசியில் மூங்கிலுக்கு வந்து சேர்ந்தேன். லலந்த தினமும் காலையில் மகள் செனுலியைப் பள்ளிக்கூடத்தில் விட அந்த வழியாகத்தான் போவான். ஆறாம் வகுப்புப் பிள்ளை. போகும்போது கார் ஜன்னல் வழியாக எனக்கு ஒரு மாலுபான் நீட்டுவான். மீன் வைத்த பன், அவன் பேக்கரியில் அப்போதுதான் எடுத்தது. சூடாகவே இருக்கும். நானும் வாங்கித் தின்றேன். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ரயில் தாமதம். கார் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிள்ளைக்குப் பொழுது போகவில்லை.

"அப்பா, இந்த மாமா உங்ககூடப் படிச்சவரா?"

"படிச்சவனா? எங்க ஸ்கூல் மைக்ரோஸ்கோப்ப ஒடச்சுட்டு மாட்டிக்கிட்டவன் இவன்தான். இல்லடா பியதிஸ்ஸ?"

செனுலி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். "நெஜமாவா மாமா? ஏன் ஒடச்சீங்க?"

ரயில் வருகிறது என்றேன்.

மறுநாள் அவன் தனியாக வந்தான். "லலந்த, அத யாரு ஒடச்சது?" என்று கேட்டேன்.

"எத?"

"மைக்ரோஸ்கோப்ப."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீதானேடா. நான்தான் பார்த்தேனே."

"நல்லா நெனச்சுப் பாரு."

"முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு மச்சான். இன்னுமா அத மனசுல வெச்சிருக்க? விடுடா." கையை வெளியே நீட்டி என் தோளைத் தட்டினான்.

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும், மாத்தயா. அது பொய் இல்லை. அவன் நம்பினான். பொய்யாக இருந்தால், என்றாவது ஒருநாள் அவன் வாயாலேயே உண்மை வரும் என்று காத்திருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் காத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. இனி வருவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை நல்ல மழை. ஏழு மணி எட்டு நிமிஷத்துக்கு அடுத்த கடவையில் நிற்கிற சோமதாச போன் செய்தார். காலி ஊர் எக்ஸ்பிரஸ் தாண்டுகிறது, மூங்கிலை இறக்கு என்றார். போன் கேட்டிருக்காது, பாவம், காது மந்தம் என்று நீங்களே எனக்காகக் காரணம் தேடினீர்கள். வலது காது நன்றாகக் கேட்கும். கேட்டது.

லலந்தவின் கார் திரும்புவது தெரிந்தது. மூங்கில் மேலேதான் இருந்தது. அந்தப் பக்கம் தாழம்புதர் தண்டவாளத்தை மறைக்கும். அதனால் அவன் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கினான்.

"போகலாமா மச்சான்?"

பின்சீட்டில் பிள்ளை இருந்தாள். ரெட்டைப் பின்னல், மடியில் புத்தகப் பை. கவனித்தாயா என்று நேற்று கேட்டீர்கள். கவனித்தேன்.

"போ" என்றேன். கையையும் காட்டினேன்.

லலந்த அங்கேயே முடிந்துவிட்டான். செனுலிக்கு இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கண் விழித்ததும் அவள், "மாமாதான் போகச் சொன்னாரு" என்றாளாம். யாரும் நம்பவில்லை. என்னை விட்டுவிடச் சொல்லி ஊரில் கையெழுத்து வாங்குகிறார்கள். "சின்னப் பிள்ள, அதிர்ச்சியில ஏதோ ஒளறுது" என்று நேற்று நீங்கள்கூடச் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அவள் உளறவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். சொல்லியும் ஒருவரும் நம்பாவிட்டால் அந்த வயதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பொய்க்காரி என்று பேர் வாங்க நான் விடமாட்டேன், மாத்தயா. நான் அவள் அப்பாவைப் போன்றவன் இல்லை.