மஞ்சள் நோட்டீசும் வருமான வரியும்

பிள்ளைகளா, வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் கேட்ட ஒரு பேச்சை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவர் புகையிலை வியாபாரி. நொடித்துப்போய், கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் ஐ.பி. கொடுத்து, கடன் கொடுத்தவர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் விட்டவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவர் அவருடைய மச்சினன்.

“அத்தான், வருமான வரி ஆபீசுக்குமா மஞ்ச நோட்டீஸ் விட்டீக?”

“எல்லாக் கடன்காரனுக்கும் விட்டப்ப அவுகளுக்கும் ஒண்ணு விட்டேன். கோர்ட்டு மத்த கடனையெல்லாம் தள்ளிருச்சு, மாப்ளே. சர்க்கார் வரி மட்டும் அதுல அடங்காதாம். பழைய பாக்கி அப்படியே நிக்குது.”

“கோர்ட்டே விட்டாலும் விடாதா? எமனுக்குக்கூட இம்புட்டுப் பிடி கிடையாது. பேசாம இப்பப் போடப்போற புதுக்கடையை அக்கா பேர்ல போடுங்க, அவுக தொட முடியாது.”

“என் பேர்லதான் போடுவேன். பழைய பாக்கிக்குத் தவணை கேக்கத்தான் இப்ப வரி ஆபீசுக்குப் போறேன்.”

“முடியாதுன்னுட்டா கடையும் போயிருமே, அத்தான்.”

“போனாப் போகட்டும். ஐ.பி. கொடுத்ததுலருந்து ஊருல ஒருத்தன் என்னை வியாபாரின்னு சொல்லல. அந்த ஆபீஸ்காரக மட்டும் இன்னமும் ‘புகையிலை வியாபாரி’ன்னு போட்டுத்தான் கடுதாசி அனுப்புறாக. அதை நான் பொய்யாக்க மாட்டேன்.”



திண்டுக்கல்லில் இறங்கியதும் வியாபாரி வரி ஆபீஸ் இருக்கும் பக்கம் நடந்தார். நான் ஓரமாக ஒதுங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தலை மறையும்வரை நின்றேன்.