டீச்சருக்கு ஆதரவாக

தேநீருக்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் எனக்கு எப்போதும் தே ஓ கொசோங், பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அதைக் குடித்துக்கொண்டே தினமும் காலையில் போனில் எழுதுவேன். நீங்கள் கேட்கும் அந்த விவாத இழையில் எழுதியதும் அப்படித்தான். மறைக்க ஒன்றுமில்லை.

பதினாறு வருடமாக இந்த ஊர்த் தமிழர்களுக்காக இணையத்தில் ஒரு கருத்துக்களம் நடத்துகிறேன். எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, தேக்காவில் எந்தக் கடையில் மீன் வாங்கலாம், எதை வேண்டுமானாலும் அங்கே பேசலாம். குப்பை அள்ளுவதும் சண்டையை விலக்குவதும் என் வேலை. சிதம்பரம் அங்கிள் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் களத்தின் பதினைந்தாம் ஆண்டு விழா வைத்தேன். ரோஷினி டீச்சரும் வந்தார். பாசிர் ரிஸில் வீட்டிலேயே தமிழ் டியூஷன் எடுப்பவர், வலைப்பூவும் எழுதுவார். வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் வலைப்பூவில் எழுதினார்: வலைப்பூ சொந்த வீடு மாதிரி, வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள், கருத்துக்களம் காப்பிக்கடை மேசை, யாரும் எச்சில் தட்டை வைத்துவிட்டுப் போகலாம், மேசை துடைக்கிற அங்கிளுக்கு மட்டும் கடையே தன்னுடையது என்று நினைப்பு.

பதினெட்டுப் பேர் சிரித்துப் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் என் களத்து ஆட்கள், என் விழாவில் சாப்பிட்டவர்கள். எரிந்தது சார். இப்போதும் எரிகிறது. ஆனால் பதிலுக்கு நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

டீச்சர் ஒன்றை மறந்துவிட்டார். வலைப்பூவில் இன்று எழுதுவது நேற்று எழுதியதைக் கீழே தள்ளிவிடும். ஒரு மாதம் போனால் எழுதியவரே தேட வேண்டும். களத்தில் அப்படியில்லை. எந்த இழையில் கடைசியாகப் பதில் விழுகிறதோ, அது எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். விழுந்தது நல்ல பதிலா, கெட்ட பதிலா என்று அது பார்க்காது.

விழா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு தாய் களத்தில் கேட்டார்: ‘பாசிர் ரிஸ் ரோஷினி டீச்சர் பிள்ளைங்கள ஸ்கேலால அடிக்கிறாங்களாமே, உண்மையா?’ நாலு பேர் ஐயையோ என்றார்கள். அதோடு அடங்கியிருக்கும். நான் எழுதினேன்: ‘டீச்சர் தங்கமானவர். அடித்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.’ மறுநாள் எழுதினேன்: ‘ஆதாரம் இல்லாமல், அடித்தார் என்று சொல்லாதீர்கள்.’ அதற்கு மறுநாளும் எழுதினேன். பதினோரு மாதம், தீபாவளி உட்பட, ஒரு காலைகூடத் தவறவில்லை. எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருக்கிறீர்களே, டீச்சரைப் பற்றி நான் எழுதிய கெட்ட வார்த்தை ஒன்றைக் காட்டுங்கள்.

டீச்சரும் மறுப்பு எழுதினார், தன் வலைப்பூவில். சொந்த வீடல்லவா, வாசலில் ஆளே இல்லை. இருபத்து மூன்று பிள்ளைகள் படித்த இடத்தில் எட்டு ஆனது, பிறகு இரண்டு. அவர் கணவர் ராஜீவ் ஒருநாள் தேக்கா சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கிள், நீங்க ஒருத்தர்தான் எங்க பக்கம் பேசுறீங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மீன் வாங்க மறந்தே போனேன்.

டீச்சர் அவரைவிடக் கெட்டிக்காரர். போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

“அங்கிள், ப்ளீஸ், எனக்காக எழுதறத நிறுத்திடுங்க. நீங்க எழுதறப்பல்லாம் அது மேல வந்துடுது. கடைசிப் பிள்ளையும் நின்னுட்டா லா.”

“உண்மையச் சொல்றதுக்கு என்னம்மா பயம்?” என்றேன்.

மறுநாள் காலை எழுதினேன்: ‘பிள்ளைகளை அடித்தவர் என்ற பழியைச் சுமந்துகொண்டு, பேசாதீர்கள் என்று டீச்சர் என்னிடமே கெஞ்சுகிறார். எப்பேர்ப்பட்ட பொறுமை.’ எதை மறைக்கக் கெஞ்சுகிறார் என்று அன்று நூற்று இருபது பேர் கேட்டார்கள். அந்த வாரம்தான் டீச்சர் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். இன்னும் கண் திறக்கவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் கேட்பதற்கு முன் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட அந்தத் தாய் மூன்றாம் நாளே எனக்குத் தனிமடல் அனுப்பினார்: ‘மன்னிச்சிடுங்க அங்கிள், அது வேற டீச்சராம். தயவுசெஞ்சு எடுத்துடுங்க.’ எடுக்கும் பொத்தான் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. தனிமடலில் வந்ததை வெளியே சொல்வது களத்தின் விதிக்குப் புறம்பு. விதியை எழுதியவனே மீறலாமா? அவர் இன்னும் இரண்டு முறை கேட்டார். அவரைக் களத்திலிருந்து நீக்கினேன். ஆக, மூன்றாம் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் உதவி சார். மணி ஏழரை ஆகப்போகிறது, நான் எழுதும் நேரம். டீச்சரின் செய்தி வெளியே தெரிந்தால் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். பாவம், அவருக்காகப் பேச அங்கே என்னை விட்டால் ஆளில்லை. என் போனை ஐந்து நிமிடம் கொடுங்கள்.