ரிட்டர்ன் லோடு

இன்ஸ்பெக்டர் ஐயா, காலியாகத் திரும்பி வரும் லாரியைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. டீசல் போட்டு, டிரைவருக்குப் படி கொடுத்து, தஞ்சாவூரிலிருந்து திருச்சிவரை காற்றைச் சுமந்து வர ஒரு வண்டி எதற்கு? மன்னார்புரம் கிடங்குக்கு நான் மேனேஜராக வந்தபோது எங்கள் லாரி அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. போகும்போது வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, வரும்போது ஒன்றுமில்லை. முதலாளி பாக்கியநாதனுக்கு ரவை வியாபாரமும் உண்டு. அதை ஏற்றி வரத் தனியாக ஒரு வாடகை லாரி. நான்தான் இரண்டையும் ஒன்றாக்கினேன். மருந்தை இறக்கிவிட்டு அதே வண்டியில் ரவையை ஏற்றி வருவது. ரிட்டர்ன் லோடு என்போம். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதலாளி எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். பிலோமின்ராஜ் வந்த பிறகு கிடங்கில் எதுவும் வீணாவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

டிரைவர் தங்கையனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு நடையிலும் வண்டியின் அடிப்பலகையைக் கழுவிக் காயவைத்துத்தான் ரவையை ஏற்றுவான். பாதி நாள் அதிலேயே போய்விடும். கழுவ வேண்டாம், வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஏற்று என்றேன். நேரமும் சரக்குதானே.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நேராக என் மேஜைக்கு வந்தான்.

"சார், போகும்போது ஒரு டின்னு ஒழுகியிருக்கு. பலகையில மழை ஈரம்னு நெனச்சு வைக்கோலைப் போட்டு ஏத்திட்டேன். அடி மூட்டையெல்லாம் பூண்டு நாத்தம் அடிக்குது. இறக்க வேணாங்க."

"பூண்டு வாசனை ரசத்துக்கு நல்லதுதானப்பா" என்றேன். சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. "சின்னப் புள்ளைங்க திங்கிறது சார்" என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நனைந்த மூட்டையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பிரித்துக் கொட்டி, காய்ந்த ரவையோடு கலந்து, திரும்ப மூட்டை பிடிப்போம். ஈரம் எல்லா மூட்டையிலும் பரவினால் எந்த மூட்டையிலும் தெரியாது. வாங்குகிறவனுக்கும் நஷ்டமில்லை. அடி மூட்டைகளையும் அப்படியே செய்யச் சொன்னேன். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நல்ல ரவை.

மறுநாள் காலையில் கிடங்கைத் திறந்தேன். சிந்திய ரவையைக் கொத்த வரும் குருவிகள் தரையில் கிடந்தன. ஆட்கள் வருவதற்குள் நானே கூட்டி அள்ளி வெளியே போட்டேன். அதன் பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. குருவி சின்ன உயிர், கொஞ்சத்தைக்கூடத் தாங்காது. மனுஷ உடம்பு அப்படியில்லை. இருந்தாலும் மூட்டைகளைத் திரும்பப் பிரிக்கச் சொல்லி, ஒன்றுக்குப் பத்தாகக் கலக்க வைத்தேன். அதற்கு ஆள்கூலி அதிகமாயிற்று. அந்தச் செலவை நான் பெரிதாகப் பார்க்கவில்லை.

சில மூட்டைகள் ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்குப் போயின. அவற்றை விற்பதற்கு முன்பே உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். மற்றவை கன்னியர் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்குப் போயின. அவர்கள் எங்களுடைய பழைய வாடிக்கை. சமையல்காரி இருதயமேரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்ன இது, பூண்டு வாடை வருகிறதே என்று ஆள்விட்டுக் கேட்டாள். வண்டியில் பூண்டும் வந்தது, நன்றாக வறுத்தால் போய்விடும் என்று சொல்லியனுப்பினேன். சொன்னபடி நன்றாகத்தான் வறுத்திருக்கிறாள். ருசி பார்த்து உப்பும் போட்டிருக்கிறாள். உப்புமா சாப்பிட்ட பிள்ளைகளில் பதினோரு பேரும் அவளும் இறந்தார்கள்.

நீங்கள் கிடங்குக்கு வந்து, மருந்து வண்டியில் ரவை ஏற்றியது யார் என்று கேட்டீர்கள். கம்பெனிக்கு அது தெரியாது, டிரைவர் மேல்காசுக்காக ஏற்றியிருப்பான் என்றேன். சுமை ஆட்களிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தேன். தங்கையனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

நேற்று அவன் மனைவி மயிலம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன்னு அவரு சொல்றாரு சார். எங்களுக்காகப் பொய் சொல்ல வேணாம். நடந்ததைச் சொல்லுங்க, விட்டுடுவாங்க."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு வாசலுக்கு வந்தேன். லாரி நின்றுகொண்டிருந்தது. சம்பாப் பயிருக்கு மருந்து கேட்டு ஊரெல்லாம் காத்திருக்கிறது. தங்கையனைப் போல வண்டியைப் பார்த்துக்கொள்கிற டிரைவர் லேசில் கிடைக்கமாட்டான். அவனை உள்ளே வைத்திருப்பது யாருக்கும் உபயோகமில்லாத காரியம். அதனால் எழுதுகிறேன்.

ரவையை ஏற்றச் சொன்னது நான். பலகையைக் கழுவ வேண்டாம் என்றது நான். அவன் எச்சரித்த பிறகு, குருவிகளையும் பார்த்த பிறகு, கலந்து அனுப்பியதும் நான். அவனை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று. அடி மூட்டைகளை வந்தபடியே அனுப்பியிருந்தால் அந்த இல்லத்தில் ஒரு பிள்ளையும் மிஞ்சியிருக்காது. ஒன்றுக்குப் பத்தாகக் கலந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது நான்தான் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.