நுரை அடங்காத பாட்டில்

எல்லோரும் சாப்பிட்டுக் கையலம்பியாயிற்றா? சரி. தண்ணீர் வேண்டுபவர்கள் இப்போதே குடித்துவிடுங்கள். இதைக் கேட்ட பிறகு சொம்பைத் தொட மனம் வராது.

என் சிநேகிதன் வைத்திலிங்கத்தின் தாய்மாமன் செல்லதுரைக்கு நடந்தது இது. யுத்த காலம். நாற்பத்து மூன்றாம் வருஷம்.

விளக்கு வைக்கிற நேரம். உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் வரும் ரோடு. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு... ஈ காக்கை இல்லை. மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுச் செல்லதுரை சைக்கிளில் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

முதலில் நாற்றம்தான் வந்தது. மூத்திர நாற்றம். வெயிலில் ஊறிய பழைய நாற்றம் இல்லை. அப்போதுதான் பெய்த சூட்டோடு, மூக்கில் ஏறுகிற நாற்றம்.

அப்புறம் சத்தம். களக்... களக்... பாட்டிலுக்குள் ஏதோ அலம்புகிற சத்தம்.

அந்த நாற்றம் அவருக்குப் பழக்கம். அவர் வேலையே அதுதான். அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு நெல் கிடங்கில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். மார்பளவு, எடை, கண் எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பார். மூத்திரம் மட்டும் செல்லதுரை பொறுப்பு. ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து வாங்க வேண்டும். டியூபில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். தெளிவாக நின்றால் ஆள் தேறினான். முட்டை வெள்ளை வெந்ததுபோல் வெளுத்துத் திரண்டால் உள்ளே கோளாறு, ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சொல்லும்போது சுலபம். பாட்டில் வெளியெல்லாம் வழிந்திருக்கும். பிடித்தால் கை பிசுபிசுக்கும். மேஜைக் காலில் எறும்பு ஏறும். விரலிடுக்கில் இளஞ்சூடு... அந்தச் சூட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கார்பாலிக் சோப்பைத் தேய் தேய் என்று தேய்ப்பார். சோற்றைப் பிசையப் போனால் குமட்டும். கடைசியில் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி ஜானகி தலையில் அடித்துக்கொள்வாள்.

"கையை மோந்து பாக்காம ஒரு வாய் சாப்பிடுங்களேன்!"

ஒருநாள் பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மழை தப்பி, வேலை இல்லாமல் பட்டாளத்துக்குக் கிளம்பியவர்கள். சித்திரை வெயில். கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே நாற்றம் கொதித்தது. இத்தனை பாட்டிலையும் செல்லதுரை எப்படித் தொடுவார்? வரிசையின் முதலில் கருப்பண்ணன் என்று ஒரு வாலிபன், கருங்கல் மாதிரி உடம்பு. அவனிடம் எனாமல் ஜக்கைக் கொடுத்து நிறைத்து வாங்கினார். அதையே எல்லா டியூபிலும் ஊற்றிக் காய்ச்சினார். மற்றவர்களுடையதைத் தொடவே இல்லை. டாக்டர் எட்டிப் பார்த்தார். அத்தனையும் தெளிவு. அத்தனை பேரும் பாஸ்.

ஒருவன் மட்டும் போகாமல் நின்றான். பேர் பூமாலை. பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. கையில் நிறைந்த பாட்டில்.

"சார், என்னோடத வாங்கலீங்களே?"

"எல்லாம் ஆச்சுய்யா. போ."

"கொஞ்ச நாளா நொரை நொரையாப் போவுதுங்க. டாக்டரு ஐயாகிட்ட ஒரு வார்த்தை..."

"கிட்ட கொண்டாராத! அந்த வாய்க்கால்ல கொட்டிட்டுப் போய்யா!"

பூமாலை கொட்டினான். நுரை வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாகத் தங்கியது. நெடுநேரம் அடங்கவில்லை.

ரயிலேற்ற அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் வந்திருந்தாள். செல்லதுரையைத் தேடி வந்து கேட்டாள்.

"காலு இப்பிடி வீங்குதே, டாக்டரு நல்லாப் பாத்தாருங்களா?"

"பாத்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல."

அசாம் பக்கம் ரோடு போட அவர்களைக் கொண்டு போனார்கள். செல்லதுரை அதோடு மறந்துவிட்டார்.

இப்போது முந்திரித் தோப்பு ரோடு... களக்... களக்... சைக்கிளை அழுத்தினார். சத்தமும் கூடவே வந்தது. திரும்பிப் பார்த்தார்.

பூமாலை. காக்கி நிஜார். முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகிவிட்டிருந்தன. சைக்கிளுக்குப் பக்கத்தில் சாதாரணமாக நடந்து வருகிறான். கையில் பாட்டில். விளிம்புவரை நுரை.

"கொண்டாந்துட்டேங்க சார்."

வீடு வந்து எப்படிச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டார். ஜானகி சொம்பில் கொண்டுவந்தாள். வாயில் சரித்தார்...

இளஞ்சூடு. உப்பு. மீசையெல்லாம் நுரை.

வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். ஜானகி சொம்பை எடுத்துப் பார்த்தாள். மோந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொம்பைத் தெருவில் வீசினாள்.

அன்றிலிருந்து அவர் தொட்ட தண்ணீரெல்லாம் அப்படித்தான். பானையில் மொண்டால் அது. குளிக்க வாளியில் கைவிட்டால் அது. ஜானகி ஊட்டிவிட்ட கஞ்சிகூட, உதட்டில் பட்டதும் சூடாக நுரைத்தது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. இன்னும் ஒரு நாள் போனால் ஆள் பிழைக்க மாட்டார் என்கிற நிலையில், ஜானகி அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். நடந்தது முழுவதையும் செல்லதுரை சொல்லிவிட்டார்.

டாக்டர் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்.

"ஒருத்தனோடத எல்லாருக்கும் ஊத்துனியா? மனுசனாய்யா நீ? அந்தப் பூமாலை அங்க போன கொஞ்ச நாள்லயே செத்துட்டான். தகவல் வந்திருக்கு. இன்னும் யார் யாருக்கு என்ன கோளாறோ... யாருக்குய்யா தெரியும்?"

செல்லதுரை ஒன்று மட்டும் கேட்டார்.

"கெடங்குச் சாவியக் குடுங்க சார். அவன் வந்தா பாட்டில வாங்கிக்கிறேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

அன்றிரவு செல்லதுரை கிடங்கில் தனியாக உட்கார்ந்தார். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். வெளியே தவளைச் சத்தம்... சட்டென்று நின்றது.

களக்... களக்...

பூமாலை வாசலில் நின்றான். செல்லதுரை கையை நீட்டினார். பாட்டில் வழிந்து விரலிடுக்கில் இறங்கியது. இளஞ்சூடு. துடைக்கவில்லை. டியூபில் ஊற்றி விளக்கில் காட்டினார். அடியிலிருந்து மேல்வரை வெளுத்து, தயிர்போல் உறைந்தது.

"உனக்கு ஒடம்பு சரியில்லப்பா பூமாலை. நீ பட்டாளத்துக்கு வேணாம். வூட்டுக்குப் போ."

பூமாலை டியூபைப் பார்த்தான். தலையாட்டினான். திரும்பி நடந்தான். ரயிலடிப் பக்கம் இல்லை... அவன் ஊர், பூலாம்பாடிப் பக்கம்.

செல்லதுரை மூலையிலிருந்த மண்பானையில் மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தார். தண்ணீர். வெறும் குளிர்ந்த தண்ணீர். பானையைத் தூக்கி மார்பில் வழிய வழியக் குடித்தார். அழுதார்.

விளக்கை அணைக்கக் குனிந்தார்.

களக்...

வாசலில் இன்னொருவன், அன்றைக்கு அதே லாரியில் வந்தவன். அவன் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை. அதற்கும் பின்னால்...

விடிந்ததும் டாக்டர் வந்தார். செல்லதுரை மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. முன்னால் காய்ச்சிய டியூபுகள். சில வெள்ளை, சில தெளிவு.

"என்னய்யா, முடிஞ்சுதா?"

"இல்ல சார். இன்னும் ஆளு நிக்கிறாங்க."

டாக்டர் திரும்பிக் கிடங்கைப் பார்த்தார். காலி. திட்ட வாயெடுத்தார். நாற்றம் மூக்கில் ஏறியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மேஜையோரம் இருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சுட்டிருக்க வேண்டும்.

வெளியே கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்றார். பிறகு மெல்ல நகர்ந்து, சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்... தளும்பத் தளும்ப எதையோ ஏந்தி வருகிற ஒருவனுக்கு, சட்டையில் பட்டுவிடாமல் ஒதுங்கி வழிவிடுவதுபோல.