பெனால்டிப் புள்ளியில் விட்ட பந்து

எங்கள் ஊஸ்டர் மைதானத்துப் புல்லை ஒருவரும் குறை சொல்ல முடியாது. நகரசபைக்காரன் அதைத் தன் தலைமயிரைவிடக் கவனமாக வெட்டுகிறான். அன்று மழை இல்லை. பந்தில் காற்றுச் சரியாக இருந்தது. ரெஃபரி சுவிஸ்காரன், எங்களில் எவனுக்கும் மச்சான் முறை இல்லாதவன். ஆகவே இறுதி ஆட்டத்தில் எங்கள் யேசுதாசன் பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்துவிட்டு, அதை உதைக்காமல் மைதானத்தை விட்டு நடந்து போனதற்குப் புல்லிலும் பந்திலும் காரணம் தேட வேண்டாம். சுற்றுப்போட்டிக் குழு உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். ஆறுதலாகச் சொல்கிறேன்.

என் பெயர் இராஜசிங்கம். இங்கே எல்லோருக்கும் சிங்கண்ணை. யாழ்ப்பாணம் பெரியகடையில் துணி வியாபாரம் செய்தவர்களின் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னமே எங்களுக்கு ஒரு பாடம் வந்துவிடும். எதிரே நிற்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கக்கூடாது. எது இல்லாவிட்டால் அவனால் இருக்கவே முடியாது என்று பார்க்க வேண்டும். பார்த்தபிறகு பேரம் தானாகவே படியும்.

மற்றவர்களுக்கு முன்னமே இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்தவன் என்பதால் எனக்கு ஒரு வீடும், வீட்டின் நடையில் ஒரு தொலைபேசியும் உண்டு. அகதி விடுதியில் இருக்கும் பெடியன்களுக்கு ஊரிலிருந்து வரும் அழைப்பெல்லாம் என் வீட்டுக்குத்தான். ஆள் நின்றால் ஆளோடு கதைப்பார்கள். நிற்காவிட்டால் என்னிடம் சொல்வார்கள். நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இதற்கு நான் ஒருவரிடமும் கூலி வாங்கியதில்லை.

போன வருடம், எண்பத்தைந்தில், பக்கத்து நகரத்து வின்டர்தூர் அணி எங்களைப் பெனால்டியில் வென்றது. எங்கள் தவராஜா உதைத்த பந்து பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழவியின் தக்காளிச் செடியில் விழுந்தது. பந்தை வாங்கப்போன எங்களுக்கு அவள் தக்காளியும் கொடுத்து அனுப்பினாள். அதைவிட அவமானம் ஒரு கூட்டத்துக்கு வேண்டுமா?

அந்தக் குளிர்காலத்தில்தான் யேசுதாசன் வந்தான். கரையூர்ப் பெடியன். கடற்கரை மணலில் உதைத்துப் பழகிய கால். வின்டர்தூர்க்காரர் அவனுக்குப் புதுச் சப்பாத்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பயணமும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கழகத் தலைவர் கனகரத்தினம் கையைப் பிசைந்தார். நான் யேசுதாசனைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். அவன் நடையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மறுபடியும் தொலைபேசியைப் பார்த்தான்.

“மனுசி ஊரிலையோ?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணை. ஜெயகௌரி. நான் வெளிக்கிட்டபிறகுதான் பிள்ளை பிறந்தது. பொம்பிளைப்பிள்ளை.”

“இந்த நம்பரைக் குடும். எந்த நேரமெண்டாலும் எடுக்கட்டும்.”

“வின்டர்தூர்க்காரர் சப்பாத்து...”

“சப்பாத்திலை கதைக்கலாமோ தம்பி?”

அவ்வளவுதான் பேரம்.

அவன் எங்கள் சட்டையில் முதல் தடவை இறங்கியபோது எங்கள் சனம் கொடுத்த வரவேற்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மெலிந்த ஆள், கால் இரண்டும் வளைவு.

“உவன் நடக்கிறதைப் பாருங்கோவன். சுடுமணலிலை கோழி நடக்கிற மாதிரி.”

“சிங்கண்ணை, பெரியகடையிலை கிழிஞ்ச துணி வித்த பழக்கத்திலை கிழிஞ்ச ஆளை வாங்கிப்போட்டியள்.”

இராஜேஸ்வரி அக்கா ரோல்ஸ் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “பாவம், முதல் அதுக்குச் சாப்பாட்டைக் குடுங்கோ. உதைக்கிறது பிறகு,” என்றார்.

பிறகு ஒரு பிரீகிக் கிடைத்தது. தூரம் அதிகம். அவன் வந்து உதைத்தான். பந்து எதிரணி வரிசையைச் சுற்றிக்கொண்டு, ஏதோ முன்பே சொல்லி வைத்ததுபோல, மூலைக்குள் போய் நின்றது. முதலில் எழுந்தவர் இராஜேஸ்வரி அக்காதான். ரோல்ஸ் எல்லாம் புல்லில். “என்ரை ராசா,” என்று கத்தினார். தவராஜா தானாகவே வந்து, “இனி நான் தண்ணிப்போத்தல் தூக்கிறன் மச்சான்,” என்று அவனைக் கட்டிப்பிடித்தான்.

அன்றிலிருந்து யேசுதாசனுக்கு ஊஸ்டரில் இரண்டு கால்கள் இருந்தன. உடம்பின் மற்றப் பகுதியைப்பற்றி எவரும் விசாரிக்கவில்லை. மற்றப் பகுதி ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வீட்டு நடையில் ஒரு நாற்காலியில் இருந்தது. ஜெயகௌரி பட்டினத்துக்கு வந்து, வரிசையில் நின்று அழைப்பாள். சில கிழமைகளில் லைன் கிடைக்கும், சில கிழமைகளில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அவன் தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் வழக்கைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வைக்காமல் இருந்தாலும், எப்போது ‘போ’ என்பார்களோ தெரியாது. அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: காத்திருப்பது. இடையிடையே பந்தை உதைப்பது.

கோடையில் ஜெயகௌரியின் தமையன் அழைத்தான். கடற்படை அடித்த ஷெல் வீட்டின்மேல் விழுந்துவிட்டது. தாயும் பிள்ளையும் அந்த இடத்திலேயே. அவன் அழவில்லை. “அண்ணை, அவருக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ,” என்று மட்டும் சொன்னான். லைன் போய்விட்டது.

பக்குவமாக என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் சாவை நேரே சொல்வதில்லை. முதலில் சுகமில்லை என்போம். பிறகு கொஞ்சம் கடுமை என்போம். ஆளைச் சாப்பிட வைப்போம், துணைக்கு இருவரைச் சேர்த்துப் பஸ்ஸில் ஏற்றுவோம். வீட்டு வாசலில் பந்தலைக் கண்டபிறகுதான் அவனுக்கு விளங்கும். நாங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டோம், பந்தல் சொல்லிவிடும். சுவிஸில் அந்தப் பந்தல் இல்லை. சுகமில்லை என்று தொடங்கினால் எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிழை நடந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கனகரத்தினத்தையும் இராஜேஸ்வரி அக்காவையும் கூப்பிட்டுச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்சம் தணிந்தபிறகு, அரையிறுதி வருகிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

“இப்ப அதைக் கதைக்கலாமோ சிங்கண்ணை?” என்றார் கனகரத்தினம்.

“பெடியனுக்கு மிஞ்சி இருக்கிறது பந்து ஒண்டுதான். அதையும் இண்டைக்கே பறிக்கிறதோ?”

அக்கா, “இறுதி ஆட்டம் முடியட்டும். எல்லாரும் பக்கத்திலை நிண்டு சொல்லுவம்,” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அந்தக் கிழமைக்குள் எங்கள் சனம் முழுவதுக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கு மட்டும் தெரியாது.

சனிக்கிழமை அவன் வந்து நாற்காலியில் இருந்தான். “போன் வந்ததோ அண்ணை?”

சுகமில்லை என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்தேன். “முந்தியே வந்திட்டுது. பிள்ளைக்கு ரெண்டு பல்லு முளைச்சிட்டுதாம்,” என்று வந்துவிட்டது. அவன் சிரித்த சிரிப்பு நடை முழுக்க நிறைந்தது. என் மனைவி பத்மினி தேநீர்த் தட்டோடு குசினிக்குத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. உப்புக் காணுமா என்றுகூடக் கேட்பதில்லை.

அடுத்த நாள் அவன் இரண்டு கோல் அடித்தான். பல்லையும் கோலையும் நான் முடிச்சுப் போடவில்லை. அவன்தான் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். அதற்குப் பிறகு பிள்ளை தவழ்ந்தது. பிடித்துக்கொண்டு நின்றது. “அப்பா” என்றது. அவனுடைய உதையும் நாளுக்கு நாள் திருத்தமாக வந்தது. துணிக்கடையில் மங்கிய சேலையை விளக்கடியில் விரித்துக் காட்டுவதில்லையா, அதுபோல ஒரு சின்ன உபகாரம். வாங்குபவன் சந்தோசமாகத்தானே போகிறான்.

அரையிறுதியில் எங்கள் சனம் அழுதுகொண்டே கத்தியது. அவனுடைய பெயரைச் சொல்லும்போது பெண்களுக்குக் குரல் உடைந்தது. ஆண்கள் முதுகில் தட்டவில்லை, தடவிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் என்னிடம் சொன்னான்: “இவ்வளவு பாசமான சனத்தை நான் ஊரிலையும் காணேல்லை அண்ணை. ஜெயகௌரி வரட்டும், அவளுக்கும் காட்டவேணும்.”

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இறுதி ஆட்டத்துக்கு ஃப்ரிபூர்க்கிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களோடு புனிதவதி என்ற பெண். எங்கள் ஆட்கள் வழக்கமாக வரும் கிழக்குப் பெர்லின் வழியாக வந்து, பிறகு இந்த நாட்டுக்குள் நுழைந்தவள். கொழும்பில் ஒரு லொட்ஜில் ஜெயகௌரியோடு ஒரே அறையில் இருந்தவளாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளுக்கு ஒரு வாய்த் தேநீர் கொடுத்து வீட்டிலேயே இருத்தியிருப்பேன்.

ஆட்டம் சமநிலை. முடியும் நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி. வின்டர்தூர்க்காரர் ரெஃபரியைச் சூழ்ந்துகொண்டு வாக்குவாதப்பட்டார்கள். யேசுதாசன் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் சனத்திடம் தண்ணீர் வாங்க வந்தான். புனிதவதி அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வேண்டிய முறை அதுதானே.

“தம்பி, என்னத்தைச் சொல்லி ஆத்திறது. அவள் எங்களோடை வர வெளிக்கிட்டு நிண்டவள். நீங்கள் திரும்பிப் போகச் சொல்லாமல் விட்டிருந்தால் இண்டைக்குத் தாயும் பிள்ளையும் உயிரோடை...”

“ஆரை அக்கா சொல்லுறியள்?”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கையை விட்டுவிட்டாள்.

அவன் எங்கள் சனத்தைப் பார்த்தான். இராஜேஸ்வரி அக்காவை, கனகரத்தினத்தை, தண்ணிப்போத்தலோடு நின்ற தவராஜாவை. அத்தனை பேரும் புல்லைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவனை நேரே பார்த்தேன். வியாபாரி கண்ணைத் தாழ்த்தினால் விலை இறங்கிவிடும். ரெஃபரி விசில் ஊதினார். மறுபடியும் ஊதினார். அவன் கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எண் போட்ட சட்டையோடே ரயில்நிலையப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். மாற்று ஆளாக இறங்கித் தவராஜா உதைத்திருக்கலாம். அவனும் போத்தலை வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டான். மற்ற ஆட்டக்காரர் எவனும் பந்துக்குக் கிட்டப் போகவில்லை.

இப்போது யேசுதாசன் ஒவ்வொரு நாளும் காலையில் வெளிநாட்டாரின் வழக்குகளைப் பார்க்கும் அந்நியர் பொலிஸ் வாசலில் போய் நிற்கிறானாம். தன்னை ஊருக்கு அனுப்பச் சொல்கிறானாம். நாங்கள் எல்லோரும் எதற்குப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறோமோ அதைக் கேட்டு நிற்கிறான். வழக்கு நடக்கிறது, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறார்கள். விடுதியில் தவராஜா சோறு குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறானாம். இல்லாவிட்டால் இல்லை. என் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. நாற்காலி சும்மா இருக்கிறது.

புனிதவதி சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள். திரும்பிப் போகச் சொன்னது யேசுதாசன் இல்லை. அவனுக்கு அந்த அழைப்பே தெரியாது. அவள் கொழும்புக்கு வெளிக்கிட்டதிலிருந்து ஷெல் விழும்வரை இருவரும் கதைக்க ஒருநாளும் லைன் கிடைக்கவில்லை.

வசந்தகாலத்தில் ஒரு பின்னேரம். ஜெயகௌரி கொழும்பிலிருந்து எடுத்தாள். “அண்ணை, அவர் நிக்கிறாரோ?” என்றாள். நான் சன்னலால் பார்த்தேன். கீழே திடலில் யேசுதாசன் பிரீகிக் பழகிக்கொண்டிருந்தான். தவராஜா பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். “இல்லைப் பிள்ளை, வேலைக்குப் போட்டார்,” என்றேன்.

ஏஜென்சிக்காரன் நாளைக்கே ஒரு கூட்டத்தைக் கிழக்குப் பெர்லினுக்கு ஏற்றுகிறானாம். அவளுக்கும் இடம் இருக்கிறதாம். “கைப்பிள்ளையோடை தனிய எனக்குப் பயம் அண்ணை. அவர் அங்கை வந்து கூட்டிக்கொண்டு போவாரெண்டால் ஏறுறன். இல்லாட்டி ஊருக்குத் திரும்பிறன். கேட்டுச் சொல்லுங்கோ, பிறகு எடுக்கிறன்.”

ஒருமுறை கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் சன்னலைச் சாத்தினேன், குளிர்காற்று. யோசித்துப் பார்த்தேன். கேட்டால் அவன் போவான். எல்லை தாண்டுவான். பிடிபட்டால் வழக்குப் போய்விடும். பிடிபடாவிட்டால் மனைவி பிள்ளையோடு ஜெர்மனியில் இருந்துவிடுவான். எப்படிப் பார்த்தாலும் பெடியனுக்கு நட்டம். நிதானமாக இருந்து யோசித்தால் அவனே ‘இப்ப வேண்டாம்’ என்றுதான் சொல்லியிருப்பான். அந்த மனவேதனையை அவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குப் பதிலாக நான் யோசித்தேன். சுற்றுப்போட்டி தொடங்க இருந்ததும் உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை.

அவள் மறுபடி எடுத்தாள். “கேட்டனான் பிள்ளை,” என்றேன். “இப்ப வேண்டாமாம். ஊரிலை போய் இருக்கட்டாம். வழக்கு முடிஞ்சு கார்ட் கிடைச்சவுடனை தான் கூப்பிடுறாராம்.”

“அவர் அப்பிடித்தான் சொன்னவரோ?”

“ஓம்.”

ஷெல் அடித்தது கடற்படை. நான் ஒரு செய்தியைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் கோபிக்கவில்லை. “சரி அண்ணை, அப்ப நான் வைக்கிறன்,” என்றாள். வைக்காமல், “அவருக்கு அங்கை உங்களை விட்டா ஒருத்தரும் இல்லை. பாத்துக்கொள்ளுங்கோ,” என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் சொன்னதைத்தான் நான் செய்து வருகிறேன்.